பரிசு கொடுத்தும் ஏன் முணுமுணுப்பு?

கேள்வி: திருப்பூரில் 45 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். லீவே போடாமல் அதிக பீஸ் தைப்பவருக்கு மாதம் 2,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தேன். முதல் மாதம் ஒரே உற்சாகம். இப்போது மூன்று பேரே மாறி மாறி வாங்குகிறார்கள். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். ரிஜெக்ட்டும் கூடிவிட்டது. பரிசை நிறுத்திவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: பரிசு இருக்கட்டும், விதியை மாற்றுங்கள். பீஸ் ரேட்டில் அதிகம் தைப்பவருக்குக் கூலியே அதிகம். அதே வேலைக்கு மறுபடியும் பரிசு தருகிறீர்கள். டெய்லருக்கு உதவும் கைமடியும் செக்கிங் பெண்களும் போட்டியிலேயே இல்லை. எண்ணிக்கைக்குப் பணம் என்றால் தையல் விட்டுப்போகத்தான் செய்யும்.

லீவு விதியும் சிக்கல்தான். 3ஆம் தேதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றவருக்கு, மீதி மாதம் ஓடி வர என்ன இருக்கிறது? அமெரிக்காவில் ஒரு சலவை ஆலையில், நேரம் தவறாமல் வருபவர்களுக்குக் குலுக்கலில் 75 டாலர் பரிசுக் கூப்பன் வைத்தார்கள். தாமதமாகும் நாளில் சிலர் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லி, பரிசு வாய்ப்பைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதுவரை யாரும் சொல்லாமலே ஒழுங்காக வந்தவர்களின் வேலை தொய்ந்தது. ஆலையின் உற்பத்தித் திறன் 1.4 சதவீதம் குறைந்ததாக, 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நீங்கள் ரிஜெக்ட்டுக்குப் பரிசு வையுங்கள். போன மாதத்தைவிட எந்த லைனில் ரிஜெக்ட் குறைகிறதோ, அந்த லைனில் டெய்லர் முதல் கைமடி வரை எல்லோருக்கும் கொடுங்கள். எல்லா லைனும் ஜெயிக்கலாம் என்று இருக்கட்டும்.

பாராட்டுக்குச் செலவே இல்லை. ஆனால் "சூப்பர், நல்லா பண்றீங்க" என்று பொதுவாகச் சொன்னால் காதில் ஏறாது. "அக்கா, கழுத்துப்பட்டியில ஷேடு மாறியிருந்ததை நீங்க பார்த்ததாலதான் அந்த லாட்டு தப்பிச்சுது" என்று அன்றைக்கே, அவர் மேஜைக்குப் போய்ச் சொல்லுங்கள். என்ன செய்தால் மதிப்பு என்று பக்கத்தில் நிற்பவருக்கும் புரியும்.

தீபாவளி போனஸைப் பரிசுக் கணக்கில் சேர்க்காதீர்கள். தகுதியுள்ளவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம் என்பது சட்டம் தந்த உரிமை. சனிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போகிற இடத்தில் எந்தப் பரிசும் எடுபடாது.

இந்த மாதப் பரிசைச் சொன்னபடி கொடுத்துவிடுங்கள். புது விதியை எழுதும்போது டெய்லர், கைமடி, செக்கிங் என ஒவ்வொருவரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எந்த விதியில் ஓட்டை இருக்கிறது என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.