கண்ணாடிச் சாளரமும் மங்கிய எழுத்தும்



கணிப்பொறி வகுப்பில் நம் நூலகத்திற்காக ஒரு சிறு நிரல் எழுதினோம். யார் எந்த நூலை எடுத்தார், திருப்பித் தந்தாரா என்று காட்டும் பட்டியல் அது. திரையிலுள்ள பள்ளிக் கட்டடப் படம் மறையக் கூடாதே என்று சாளரத்தைப் பாதி ஒளி ஊடுருவும்படி அமைத்தோம். படம் அழகாகத் தெரிந்தது. ஆனால் பெயர்கள் மங்கிவிட்டன. நூலகப் பொறுப்பிலுள்ள சகோதரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். கடைசியில் வரி மாறிப் படித்து, நூலை முன்பே திருப்பித் தந்துவிட்ட ஆறாம் வகுப்புச் சிறுமியை அழைத்துக் கேட்டுவிட்டார்கள். அவள் கண் கலங்கினாள். பிழை எங்களுடையது.

பிழையைத் தேடினோம். நாங்கள் பயன்படுத்தியது 2006இல் வெளிவந்த விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷன். அதில் 'ஒபாசிட்டி' என்னும் பண்புக்கு 0 கொடுத்தால் பொருள் மறையும். 1 கொடுத்தால் முழுமையாகத் தெரியும். சாளரத்திற்கு 0.5 கொடுத்திருந்தோம். எழுத்துக்குத் தனியாக 1 கொடுத்தோம். பயனில்லை. 1க்கு மேல் கொடுத்தாலும் அது 1 என்றே கொள்ளப்படும்.

காரணம் என்ன? எழுத்தின் அளவைச் சாளரத்திற்குக் கூறினால் உள்ளிருக்கும் எழுத்து அதை மரபுரிமையாகப் பெறும். எழுத்துக்கு வேறு அளவு கூறினால் அதுவே நிற்கும். ஒபாசிட்டியும் அப்படித்தான் என்று எண்ணினோம். அங்கேதான் தவறினோம். அது மரபுரிமையாக இறங்குவதில்லை. சாளரமும் அதனுள் உள்ள அனைத்தும் ஒரே படமாகச் சேர்ந்த பிறகு, அந்தப் படம் முழுவதும் மங்கலாக்கப்படுகிறது. ஆகவே மதிப்புகள் பெருக்கப்படுகின்றன: 1 × 0.5 = 0.5. எழுத்துக்கும் 0.5 கொடுத்தால் 0.25தான் மிஞ்சும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். கறுப்பு 0, வெள்ளை 255, பின்னாலுள்ள படத்தின் ஒளி 200 என்று கொள்வோம். பாதி மங்கிய கறுப்பு எழுத்து 100 ஆகிறது. வெள்ளைத் தளம் ஏறத்தாழ 228 ஆகிறது. இடையே 255 இருந்த வேறுபாடு 128 ஆகச் சுருங்கிவிட்டது. கண் தடுமாறியதில் வியப்பென்ன?

தீர்வு எளியது. சாளரத்தின் ஒபாசிட்டியை மீண்டும் 1 ஆக்கினோம். பின்னணி வண்ணத்தை மட்டும் ஒளி ஊடுருவச் செய்தோம். வண்ணத்தில் சிவப்பு, பச்சை, நீலத்துடன் 'ஆல்ஃபா' என்னும் நான்காம் எண்ணும் உண்டு. 255இல் 128 என்றால் ஏறத்தாழப் பாதி. இவ்வாறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் கணக்கை 1984இல் போர்ட்டர், டஃப் என்னும் இருவர் ஒழுங்குபடுத்தி எழுதினர். இப்போது தளம் 228, எழுத்து 0. வேறுபாடு 228!

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். சாளரத்தின் வழியே பின்திரை தெரிய வேண்டுமானால் 'அலோஸ் டிரான்ஸ்பரன்சி' என்பதை இயக்க வேண்டும். அதற்குச் சாளரத்தின் வழக்கமான சட்டத்தையும் நீக்க வேண்டும். இரண்டையும் சாளரம் திரையில் தோன்றுமுன்பே செய்துவிட வேண்டும்.

திருத்திய பட்டியலைச் சகோதரி குனியாமலே படித்தார்கள். சிறுமியின் பெயருக்கு எதிரே 'தந்தார்' என்பது தெளிவாக இருந்தது. அவளிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அழகுக்காக எதையும் சேர்க்குமுன், படிப்பவர் கண்ணை முதலில் நினைப்போமாக.