அந்தமானில் எந்த சிம் எடுக்கும்?

சென்னையில் ஒருவர் சிம் மாற்ற நினைத்தால் நேரே விலைப்பட்டியலுக்குப் போவார். 28 நாளுக்கு எவ்வளவு, தினம் எத்தனை ஜிபி, கூடவே ஓடிடி ஏதாவது ஓசியில் வருமா? டவரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தெருவுக்கு ஒன்று நிற்கிறது. அந்தமானில் இதே வரிசையில் யோசித்தால் காசு கரியாகும். இங்கே முதல் கேள்வி, வீட்டுக்குப் பக்கத்தில் நிற்பது யாருடைய டவர் என்பது. அடுத்தது, அந்த டவருக்கு நெட் கடலடிக் கேபிள் வழியாக வருகிறதா, சாட்டிலைட் வழியாக வருகிறதா என்பது. விலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குவோம். 2020 ஆகஸ்ட் 10 வரை இந்தத் தீவுகளின் இணையம் முழுக்க முழுக்க வானத்தை நம்பியிருந்தது. சாட்டிலைட் நிற்பது பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நீங்கள் சொல்லும் 'ஹலோ' மேலே ஏறிக் கீழே இறங்கி, எதிராளியின் 'ஹலோ' அதே வழியில் திரும்பி வர அரை வினாடி பிடிக்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, மறுபடி ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும் அந்தக் கூத்து, நிக்கோபார் பக்கம் போன் போட்டுப் பேசிய எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய தொல்லை, சாட்டிலைட் அலைவரிசை விலை உயர்ந்தது, அளவும் குறைவு. இருப்பதை எல்லா டவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டதுதான் சென்னையிலிருந்து வரும் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள். நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய். பணம் கொடுத்தது கிராமப்புறத் தொலைத்தொடர்புக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் நிதி. போட்டு முடித்தது பிஎஸ்என்எல். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து (2024 செப்டம்பரிலிருந்து அரசுக் காகிதத்தில் ஸ்ரீ விஜய புரம்; டிக்கெட் கவுண்டரில் இன்னும் போர்ட் பிளேர்தான்), அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமானின் ஹட் பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே என்று ஏழு இடங்களில் கரையேறுகிறது. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொள்வது எந்த விளம்பரத்தையும்விடப் பயன்படும். கச்சால் இதில் இல்லை. சிலோனிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்திய தீவு அது. நீல் தீவும் பட்டியலில் இல்லை. இல்லாத ஊருக்கு இணையமே வராது என்று பொருளல்ல. கேபிள் தொட்ட இடத்திலிருந்து மைக்ரோவேவ் வழியாகவோ தரைவழி இழையாகவோ வரலாம். வராத இடத்தில் இன்னும் சாட்டிலைட்தான். அங்கே ஐந்து கோடு சிக்னல் காட்டும் போனில்கூட வாட்ஸப்பில் ஒரு போட்டோ சுற்றிச் சுற்றி நிற்கும். கோடு டவருக்கும் உங்களுக்கும் இடையே உள்ள சிக்னலின் வலுவைத்தான் சொல்லும். டவருக்கும் உலகத்துக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு தினம் 2 ஜிபி பேக் போடுவதில் அர்த்தமில்லை. ஒரு நாளைக்கு 200 எம்பிகூட இறங்காத இடத்தில் மீதி நள்ளிரவோடு காலாவதியாகிவிடும். ஓடிடி சந்தா இலவசம் என்ற குறுஞ்செய்தி வேறு, தீவுக்காரரை நையாண்டி செய்வதுபோல வந்து விழும்.

இப்போது கம்பெனிகளுக்கு வருவோம்.

ஆள் குறைவான தீவு, காட்டோரக் குடியிருப்பு, வடக்கே டிக்லிபூருக்கும் மாயாபந்தருக்கும் இடைப்பட்ட சிற்றூர் என்றெல்லாம் போனால், லாபக் கணக்குப் பார்க்காமல் டவர் நட வேண்டிய கடமை பிஎஸ்என்எல்லுக்குத்தான் இருந்தது. அதனால் எட்டும் தூரத்தில் அதற்குப் போட்டி குறைவு. வேகத்தில் அந்தப் பெருமை பேச முடியாது. பல வருடம் 2ஜி, 3ஜி என்றே ஓட்டியது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் கட்டிய அதன் 4ஜி, 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. நீங்கள் பழைய பிஎஸ்என்எல் வாடிக்கையாளர் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய சிம்மில் 4ஜி வராது. சேவை மையத்தில் 4ஜி சிம்முக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், எண் மாறாது. 'எங்க ஊர்ல பிஎஸ்என்எல் 4ஜி வந்துருச்சுங்கறாங்க, என் போன்ல மட்டும் வரலையே' என்று புலம்புகிற பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

ஏர்டெல், கேபிள் திறந்த அன்றே இங்கே 4ஜியை வேகமாக்கியதாக அறிவித்தது. போர்ட் பிளேர், ஹேவ்லாக் மாதிரி கூட்டம் உள்ள இடங்களில் நெட்டுக்காக சிம் வாங்குகிறவர் ஏர்டெல்லையோ ஜியோவையோ எடுப்பதுதான் நியாயம். இரண்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு வேகமல்ல. ஜியோவில் 2ஜி கிடையாது, 3ஜியும் கிடையாது. 4ஜி சிக்னல் இல்லாத இடத்தில் ஜியோ சிம் வெறும் பிளாஸ்டிக். ஏர்டெல்லும் பிஎஸ்என்எல்லும் 2ஜியில் இறங்கியாவது ஒரு போன்காலைக் கடத்திவிடும். வீட்டில் பாட்டி இன்னும் பழைய 2ஜி பட்டன் போன் வைத்திருந்தால் அதில் ஜியோ போடவே முடியாது. வி-யை (வோடஃபோன் ஐடியா) பொறுத்தவரை, வரைபடத்தில் உங்கள் ஊர் தெளிவாக நிறம் காட்டினால் மட்டும் யோசிக்கலாம்.

எந்த வரைபடம்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த சேவைத்தர விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே எடுக்கும் என்ற வரைபடத்தைப் போட்டாக வேண்டும். அதில் உங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆனால் கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் மார்க் அது. ஜெட்டிப் பக்கத்து ரீசார்ஜ் கடையில் 'அண்ணே, பாராட்டாங்ல எது எடுக்கும்?' என்று கேட்டால் வரும் பதில் வரைபடத்தைவிட நம்பகமானது. கடைக்காரருக்கும் கமிஷன் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அதையும் தாண்டி உறுதி வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரர் போனில் இரவு எட்டு மணிக்கு ஒரு வீடியோ கால் போட்டுப் பாருங்கள். காலை பத்து மணிக்கு எல்லா நெட்டும் நல்ல நெட்தான்.

புதிதாக ஒரு சங்கதியும் உண்டு. அரசு நிதியில் கட்டிய 4ஜி டவர்களை பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூன்றும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. ஒரு கம்பெனியின் டவர் மட்டும் நிற்கும் சிற்றூரில் இன்னொரு கம்பெனியின் சிம்மும் எடுக்க வழியுண்டு. போன் செட்டிங்கில் ரோமிங்கை அணைத்து வைத்திருந்தால் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

தீவில் நிரந்தரமாக இருப்பவருக்கு என் யோசனை இரண்டு சிம். இதில் ஆடம்பரம் ஒன்றுமில்லை. எந்த சிம்மில் எதைப் போடுவது என்பதுதான் சாமர்த்தியம். எட்டுகிற சிம் ஒன்று, ஓடுகிற சிம் ஒன்று. பெரும்பாலோருக்கு முதலாவது பிஎஸ்என்எல், இரண்டாவது ஏர்டெல் அல்லது ஜியோ. வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங் எல்லாம் முதல் எண்ணில் இருக்கட்டும். ஓடிபி வர வேண்டிய எண், நீங்கள் படுத்துத் தூங்கும் இடத்தில் எடுக்கிற எண்ணாக இருக்க வேண்டும். வேகமான நெட் உள்ள சிம்மை வங்கியில் கொடுத்துவிட்டு, வீட்டில் அது எடுக்காமல், ஓடிபிக்காக ராத்திரியில் டார்ச்சோடு மேட்டுக்கு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் சிம்மில் டேட்டா வேண்டாம், வேலிடிட்டி வேண்டும். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளை எல்லாக் கம்பெனியும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் கட்டளையிட்டது. பேக்கின் உச்ச வரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக்கியது. 2025 தொடக்கத்தில் இப்படி வந்தவற்றைப் பாருங்கள்: ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய்; ஏர்டெல் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. சின்ன பேக்கில் ஜியோ மலிவு. பெரிய பேக்கில் 1,748-தான் கண்ணுக்குக் குறைவு, ஆனால் நாளால் வகுத்தால் ஜியோ 5 ரூபாய் 20 காசு, ஏர்டெல் 5 ரூபாய் 7 காசு. விலை நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கலாம். நாளால் வகுக்கும் பழக்கத்தை விட வேண்டாம். 28 நாள் பேக் என்பதும் மாதம் அல்ல, வருடத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ். இதை மனதில் வைத்துத்தான் 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் கட்டாயம் வேண்டும் என்று 2022-ல் டிராய் சொன்னது. கடையில் கேட்டால்தான் காட்டுவார்கள். 2024 ஜூலையில் தனியார் மூவரும் விலை ஏற்றியபோது பிஎஸ்என்எல் ஏற்றவில்லை. 2025-ல் அதுவும் சில பேக்குகளில் விலையைத் தொடாமல் நாளைக் குறைத்தது. ஆகவே அங்கேயும் வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்ற கேள்விக்கு நகரத்தில் சொல்லும் பதில் இங்கே பொருந்தாது. ப்ரீபெய்டு தீர்ந்துபோனால் ரீசார்ஜ் செய்ய நெட் வேண்டும், நெட் வர ரீசார்ஜ் வேண்டும். கடை உள்ள ஜெட்டி அடுத்த தீவில் இருக்கிறதென்றால் சிக்கல் புரியும். மீன்பிடிக்கப் போகிறவர், தொலைவான தீவில் பணியில் இருக்கும் ஆசிரியர், கப்பல் ஊழியர் போன்றோருக்கு போஸ்ட்பெய்டு ஒரு காப்பு. தேதி தாண்டினாலும் உடனே வாய் அடைக்காது. ஆனால் மாதக் கட்டணம் பெரும்பாலும் கூடுதல். அந்தக் கூடுதலைக் கொடுக்க மனமில்லாதவருக்கு ஒரு வருட ப்ரீபெய்டு அதே வேலையைச் செய்யும். அதுவும் முடியாதென்றால், மெயின்லாண்டில் உள்ள தம்பியோ மகளோ உங்கள் எண்ணை ரீசார்ஜ் செய்து வைக்கும்படி தேதியோடு சொல்லி வையுங்கள். தீவில் பாதி ரீசார்ஜ் அப்படித்தான் நடக்கிறது என்று எனக்கொரு சந்தேகம். சிம்மை மறந்தே போனாலும் உடனே எண் பறிபோகாது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டால்தான் துண்டிக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட்டுவைக்க வேண்டும் என்பது விதி.

வீட்டுக்கு பைபர் இணைப்பு கிடைக்கிற ஊரில் இருந்தால் கணக்கே வேறு. படம் பார்ப்பது, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் அதில் போகட்டும்; ஏர்டெல், ஜியோ சிம்களில் வைஃபை வழியே போன் பேசும் வசதியும் இருக்கிறது. கையில் உள்ள சிம்முக்கு மிகச் சின்ன பேக் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர் புது சிம் வாங்க வேண்டியதில்லை. வழக்கமான பேக்குகளில் ரோமிங் அடக்கம். கூட்டமாக வருகிறீர்கள் என்றால் எல்லோரும் ஒரே கம்பெனியாக இல்லாமல், ஒருவரிடமாவது பிஎஸ்என்எல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா காட்டு வழியாக பாராட்டாங் போகும் சாலையில் சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே போனை வெளியே எடுத்துப் படம் பிடிப்பதே குற்றம். படகு டிக்கெட், ஹோட்டல் ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டாக வைத்துக்கொண்டு, யூபிஐ கைவிட்டால் கொடுக்க நோட்டும் வைத்திருங்கள். நெட் இல்லாமல் சிக்னல் மட்டும் இருந்தால் *99# போட்டும் பணம் அனுப்பலாம், வங்கியில் பதிந்த எண் அந்த போனில் இருக்கும்பட்சத்தில்.

கடைசியாக, தமிழ்நாட்டு எண்ணோடு இங்கே குடியேறி, அந்த எண்ணை விடாமல் கம்பெனி மாற நினைப்பவருக்கு. லைசென்ஸ் கணக்கில் அந்தமான் மேற்கு வங்கத் தொலைத்தொடர்பு வட்டத்தில் சேர்ந்தது. இங்கே வாங்கும் எண்ணிலிருந்து போன் வந்தால் மதுரையில் உள்ள அத்தை போனில் 'வெஸ்ட் பெங்கால்' என்று வந்து, வங்காளத்து மோசடி அழைப்போ என்று அவர் எடுக்காமல் விடுவதும் உண்டு. எண்ணை அப்படியே கொண்டுவந்து மாறலாம். 2015 ஜூலையிலிருந்து நாடு முழுக்க அனுமதி உண்டு. ஆனால் வட்டம் தாண்டினால் மூன்று வேலை நாளுக்குப் பதில் ஐந்து ஆகும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் ஏழு நாள் கழித்துத்தான் மாற முடியும். ப்ரீபெய்டில் மிச்சமுள்ள பேக் போய்விடும், அதனால் முடிகிற தேதிக்குக் கிட்டே மாறுங்கள். 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி வாங்கும் போர்ட்டிங் குறியீடு நான்கு நாளுக்குத்தான் செல்லும். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறும் உற்சாகத்தில் அதை அனுப்பிவிட்டால், மூன்று நாள் நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் கழியும். ஹேடோ ஜெட்டியில் இறங்கி, கடையைப் பார்த்து, அதற்குப் பிறகு அனுப்புங்கள்.