சுதர்சன ஏரியும் ஜூனாகத் நகரமும்

சமஸ்தானத் தலைநகரங்களாக விளங்கிப் பின்னர் மாவட்டத் தலைநகரங்களாக மாறிய ஊர்கள் நம் நாட்டில் பல உள்ளன. அவற்றுள் சில, யாத்திரைத் தலங்களாகவும் இருப்பதால், ஆண்டில் சில நாட்கள் தம் மக்கள்தொகையைப் போல் பன்மடங்கு மக்களைத் தாங்க வேண்டியுள்ளது. இத்தகைய நகரங்களின் வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் கோட்டையையும் அரண்மனையையும் கோயிலையும் வருணித்துச் சுற்றுலாவில் வந்து முடிப்பதே வழக்கம். குஜராத் மாநிலத்தின் சௌராஷ்டிரப் பகுதியில், கிர்நார் மலையின் அடியில் அமைந்துள்ள ஜூனாகத் நகரைப் பொறுத்தவரை இவ்வழக்கம் பொருந்தாது. அதன் வரலாற்றை நீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் அந்நகரம் தன் பழைய வரலாற்றை நீரைப் பற்றியே பாறையில் எழுதி வைத்திருக்கிறது.

ஒரு பாறை, மூன்று காலங்கள்

நகரிலிருந்து கிர்நார் மலைக்குச் செல்லும் வழியில் பெரியதொரு பாறை இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில் அசோகரின் 14 கட்டளைகள் பிராகிருத மொழியில் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. தமிழ் மாணவர்களுக்கு இவற்றுள் இரண்டாவது கட்டளை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளும் தாமிரபரணியும் அதில் பெயர் பெறுகின்றன. மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்தமை, மூலிகைகளை வரவழைத்து நட்டமை, வழிகளில் கிணறு தோண்டி மரம் வைத்தமை ஆகியன அக்கட்டளையின் பொருள். 1822ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டாட் இப்பாறையைக் கண்டார். அதன் எழுத்தை 1837ஆம் ஆண்டு வாக்கில் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார்.

அதே பாறையில் சகக் குறுநில மரபைச் சேர்ந்த மகாசத்ரபன் ருத்ரதாமனின் சமஸ்கிருதக் கல்வெட்டும் உள்ளது. காலம் கி.பி. 150. சமஸ்கிருதத்தில் அமைந்த முதல் நீண்ட கல்வெட்டு என்று மொழியறிஞர்கள் இதனைப் போற்றுவர். ஆனால், நிர்வாகத்தைப் பயில்வோருக்கு அதன் மொழியைக் காட்டிலும் பொருளே முக்கியமானது. அது ஓர் அணை உடைந்து, பின் பழுதுபார்க்கப்பட்ட வரலாறு.

சந்திரகுப்த மௌரியரின் ஆட்சியில் இப்பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்த புஷ்யகுப்தர் என்ற வைசியர் சுதர்சன ஏரியை அமைத்தார். அசோகரின் காலத்தில் துஷாஸ்பர் என்ற யவன அதிகாரி அதற்கு வாய்க்கால்களை அமைத்து நிறைவு செய்தார். சகர் ஆண்டு 72இல், மார்கழியை ஒட்டிய மார்க்கசீரிட மாதத்தில், பெருமழை பெய்தது. மலையிலிருந்து இறங்கும் சுவர்ணசிகதை, பலாசினி முதலிய ஆறுகள் பெருகின. தக்க முன்னேற்பாடுகள் செய்திருந்தும் 420 முழ நீளம், 420 முழ அகலம், 75 முழ ஆழத்திற்கு உடைப்பு ஏற்பட்டு, நீர் முழுவதும் வெளியேறிற்று. சுதர்சனம் என்றால் கண்ணுக்கு இனியது என்று பொருள். அப்பெயர் கொண்ட ஏரி பார்க்கவே பொறாத பாலைவனமாயிற்று என்று கல்வெட்டு சொல்நயத்துடன் கூறுகிறது. பருவம் கடந்து வந்த மழை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்து நிகழ்ந்ததுதான் இன்றைய அலுவலர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. அரசனின் ஆலோசகர்களும் செயல் அமைச்சர்களும் தகுதி நிறைந்தவர்களே; ஆயினும் உடைப்பின் பெருமையைக் கண்டு அப்பணியை ஏற்க மறுத்தனர். அணை இனி எழாது என்று மக்கள் நம்பிக்கை இழந்து புலம்பினர். ஆனர்த்தம், சௌராஷ்டிரம் ஆகிய நாடுகளை ஆளும் பொறுப்பில் இருந்த சுவிசாகர் என்ற பகலவ அதிகாரி அதனை ஏற்று முடித்தார். அணை முன்னிலும் மும்மடங்கு உறுதியாகக் கட்டப்பட்டது. இதன்பொருட்டு நகர மக்களிடமோ நாட்டுப்புற மக்களிடமோ வரியோ, வெட்டி வேலையோ, அன்பளிப்பு என்ற பெயரிலான வசூலோ பெறப்படவில்லை; செலவு முழுவதும் அரசன் கருவூலத்தைச் சேர்ந்தது. சுவிசாகர் கையூட்டுப் பெறாதவர் என்றும் கல்வெட்டு தெரிவிக்கிறது. கையூட்டு வாங்காமையைத் தனிச் சிறப்பாகக் கல்லில் பொறிக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து அக்கால நிலையையும் ஊகித்துக் கொள்ளலாம்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து மீண்டும் அணை உடைந்தது. குப்த ஆண்டு 136இல் நேர்ந்த இவ்வுடைப்பு, கி.பி. 456-57இல், ஸ்கந்தகுப்தரின் ஆட்சியில் சரிசெய்யப்பட்டது. அப்போது சௌராஷ்டிரத்தின் ஆளுநர் பர்ணதத்தர். அவர் மகன் சக்ரபாலிதர் நகரப் பொறுப்பில் இருந்து பணியை நடத்தினார். இச்செய்தியும் அதே பாறையில் இடம்பெற்றுள்ளது. மௌரியர், சகர், குப்தர் ஆகிய மூன்று வேறுபட்ட அரசுகள் ஒரே நீர்நிலையை ஏறத்தாழ 750 ஆண்டுகள் காத்து வந்தன. அரசு மாறியபோதெல்லாம் பராமரிப்புப் பொறுப்பும் கைமாறியது. புதிய அரசு பழைய அரசின் பணியைக் கைவிடவில்லை. ஏரி பின்னர் எவ்வாறோ அழிந்தது. அதனை நினைவூட்ட இன்று எஞ்சி நிற்பது இப்பாறையே.

சமஸ்தான காலம்

உபர்கோட் கோட்டையில் பாறையைக் குடைந்து ஆழமாக அமைக்கப்பட்ட ஆதி-கடி வாவி, நவகண் கிணறு ஆகியன இடைக்காலத்திலும் நீர்க்கவலை குறையவில்லை என்பதைக் காட்டுகின்றன. சூடாசமா அரசர்களிடமிருந்து குஜராத் சுல்தான் மகமூத் பேகடா 1472ஐ ஒட்டி இக்கோட்டையைக் கைப்பற்றினார். 1748 முதல் பாபி மரபினரான நவாபுகள் ஆண்டனர். மகபத் மக்பராவின் வளைந்தேறும் படிகள் கொண்ட தூபிகள் அவர்கள் காலத்தவை. 1863இல் தொடங்கப்பட்ட சக்கர்பாக் விலங்குக் காட்சிசாலையும் அவ்வாறே. கீர் காட்டுச் சிங்கங்களை வேட்டையிலிருந்து காத்தது இந்நவாபுகளின் பெரும் தொண்டு. 1968இல் 177 என எண்ணப்பட்ட சிங்கங்கள் 2025இல் 891 ஆகப் பெருகியுள்ளன. சமஸ்தான ஆட்சிகளைப் பற்றிக் குறைகூறுவதற்கு நிறைய உண்டு. எனினும் இந்நன்மை மறுக்க இயலாதது.

1947இல் நவாப் பாகிஸ்தானுடன் இணைய முடிவு செய்ததும், பின்னர் கராச்சிக்குச் சென்றதும் யாவரும் அறிந்தவை. 1947 நவம்பர் 9ஆம் நாள் இந்திய அரசு நிர்வாகத்தை ஏற்றது. 1948 பிப்ரவரி 20ஆம் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில் இந்தியாவுக்கு 1,90,779 வாக்குகளும் பாகிஸ்தானுக்கு 91 வாக்குகளும் கிடைத்தன. சௌராஷ்டிரம், பம்பாய் ஆகியவற்றின் பகுதியாக இருந்து, 1960 மே 1 முதல் ஜூனாகத் குஜராத்தில் அடங்கியது.

மலை யாருடையது?

கிர்நார் 1,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. குஜராத்தின் மிக உயர்ந்த சிகரம் இதில்தான் உள்ளது. ஏறத்தாழ பதினாயிரம் படிகள் ஏற வேண்டும். வழியில் 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதரின் ஆலயமும், வஸ்துபாலர், தேஜபாலர் சகோதரர்கள் எழுப்பிய ஆலயமும், அதற்கும் மேலே அம்பாஜி கோயிலும் உள்ளன. உச்சிச் சிகரமொன்றிலுள்ள பாதச் சுவடுகளை இந்துக்கள் தத்தாத்ரேயருடையவை என்றும், சமணர்கள் நேமிநாதருடையவை என்றும் வணங்குகின்றனர். அருகிலுள்ள தாதார் குன்றில் ஜமியல்ஷா தாதாரின் தர்காவுக்கு இரு சமயத்தாரும் செல்கின்றனர். சிவராத்திரியில் பவநாத் திருவிழா நடக்கிறது. கார்த்திகை வளர்பிறை ஏகாதசி முதல் பௌர்ணமி வரை மலையைச் சுற்றி 36 கிலோமீட்டர் காட்டு வழியே லீலி பரிக்கிரமா என்னும் வலம் நடைபெறுகிறது. இலட்சக்கணக்கானோர் இதில் பங்கு கொள்கின்றனர். 2011 கணக்குப்படி நகரின் மக்கள்தொகையே சுமார் 3.2 இலட்சந்தான்.

இம்மலை வழிபாட்டிடம் மட்டுமன்று. 2008இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் சிங்கங்கள் வாழ்கின்றன. நகரின் நீர்ப்பிடிப்புப் பகுதியும் இதுவே. வலம் வருவோர் நடக்கும் பாதை, விலங்கு நடக்கும் காடாகவும், மழைநீர் இறங்கும் ஓடையாகவும் இருக்கிறது. அறநிலையம், வனத்துறை, நகராட்சி என்று பொறுப்புகள் பிரிந்து கிடப்பதால் ஒருவர் செய்வது மற்றவருக்குச் சுமையாகிறது. காட்டில் விட்டுச் செல்லப்படும் பிளாஸ்டிக் பையை யாத்திரிகர் மறந்து விடுகிறார். அடுத்த மழையில் அது நகரின் கால்வாயை அடைக்கிறது.

2020 அக்டோபர் 24ஆம் நாள் அம்பாஜி வரை 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட ஊர்தி தொடங்கப்பட்டது. முதியோருக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் யாத்திரிகரைத் தோளில் சுமந்து பிழைத்த டோலித் தொழிலாளர்களின் எதிர்காலத்தையும் அத்திட்டத்தின் பகுதியாகவே எண்ணியிருக்க வேண்டும். மலையேறும் சிரமம் குறையும்போது வருவோர் தொகை கூடும். அதற்கேற்ற குடிநீரும் கழிப்பிடமும் மலைமேல் எங்கிருந்து வரும் என்பதும் முன்னரே கேட்டிருக்க வேண்டிய வினா.

2023இன் வெள்ளம்

ஆண்டு மழையின் பெரும்பகுதி இங்குச் சில வாரங்களிலேயே பெய்துவிடுகிறது. மலை கடினப் பாறையாலானது, சரிவு செங்குத்தானது. எனவே நீர் நிற்காது பாய்கிறது. 2023 ஜூலை 22ஆம் நாள் சில மணி நேரத்தில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலைநீரும் சேர்ந்து கால்வா ஆறு கரை புரண்டு நகரத் தெருக்களில் பாய்ந்தது. கார்களும் கால்நடைகளும் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றின் வழி குறுகியதும் கரைகளில் கட்டடங்கள் பெருகியதும் அப்போது பரவலாகப் பேசப்பட்டன. அதே வட்டாரந்தான் 1985 முதல் 1987 வரை கொடிய வறட்சியில் வாடியது. அதன் பின்னரே சௌராஷ்டிர உழவர்கள் மழைநீரைக் கிணறுகளில் செலுத்தியும் சிறு தடுப்பணைகள் கட்டியும் நிலத்தடி நீரைப் பெருக்கும் இயக்கத்தில் இறங்கினர். நிலக்கடலையும் கேசர் மாம்பழமும் விளையும் இவ்வட்டாரத்தின் செல்வம் கிணற்று நீரையே பெரிதும் நம்பியுள்ளது. 1979இல் தேசிய நிலக்கடலை ஆராய்ச்சி மையம் இந்நகரில் நிறுவப்பட்டதற்கும் அச்சாகுபடியே காரணம்.

வெள்ளமும் வறட்சியும் இரு வேறு சிக்கல்களல்ல. மலையிலிருந்து இறங்கும் ஒரே நீர், தங்க இடமிருந்தால் பயிராகிறது, இல்லையேல் வெள்ளமாகிறது. புஷ்யகுப்தர் கண்ட தீர்வு பெரிய ஏரி; இன்று அத்தகைய ஏரிக்கு இடமில்லை. ஆனால் மலையடிவாரத்துச் சிறு தேக்கங்களைத் தூர்வாரவும், ஓடைகளின் எல்லையை அளந்து கல் நடவும், ஆண்டுதோறும் பருவத்திற்கு முன் கரைகளைப் பார்வையிடவும் இடம் இருக்கிறது. இப்பணிகளில் திறப்பு விழா ஏதும் இல்லை. ஒதுக்கீடு கேட்டுச் செல்லும் பொறியாளருக்கு இதுவே பெரும் இடர்.

அசோகரின் பாறையைக் காக்க 1900இல் நவாப் ரசூல்கான் ஒரு கட்டடத்தை எழுப்பினார். 1939இலும் 1941இலும் அது பழுதுபார்க்கப்பட்டது. 2014இல் அதன் சுவரொன்று இடிந்து விழுந்தது.