சுவருக்குள் ரெண்டு ஒயர்தான்

வீரபாண்டியில் எங்கள் வீட்டு மாடியறையில் சிறுவர் கதைகளை வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்த புதிதில், என் குரலுக்கு அடியில் யாரோ விடாமல் 'ம்ம்ம்' கொட்டிக்கொண்டிருந்தார்கள். கதைக்கு ம் கொட்ட ஆள் வேண்டியதுதான். ஆனால் நான் வாயை மூடிய பிறகும் கொட்டக் கூடாது.

அறைதான் காரணம் என்று நினைத்து, 2,800 ரூபாய்க்கு ஸ்பாஞ்ச் வாங்கிச் சுவரெல்லாம் ஒட்டினேன். எதிரொலி குறைந்தது, ம்ம்ம் அப்படியே இருந்தது. ஸ்பாஞ்ச் காற்றில் வரும் ஒலியைத்தான் உறிஞ்சும். ஒயர் வழியாக வருவதற்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

துப்பு தற்செயலாகக் கிடைத்தது. ஹெட்போனோடு மைக்கை நகர்த்தும்போது அதன் இரும்பு உடம்பில் கை பட்டது, இரைச்சல் தணிந்தது. கையை எடுத்தேன், திரும்பி வந்தது. லேப்டாப்பின் மேல்மூடியைத் தடவினால் விரலில் மெல்லிய சுரீர். சார்ஜரைப் பிடுங்கினேன். அறை சட்டென்று அமைதியானது.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஹோல்டரில் மாட்டிய பல்போடு வந்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தார், எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார், எரியவில்லை.

"தம்பி, ப்ளக்குல மூணு கால் இருக்கு. சுவத்துக்குள்ள ரெண்டு ஒயர்தான் வருது."

"அப்ப மூணாவது ஓட்டை எதுக்குண்ணே?"

"அழகுக்கு."

சார்ஜருக்குள் கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும். வழி இல்லாததால் லேப்டாப்பின் உலோக உடம்பில் தங்கி, யூஎஸ்பி ஒயர் வழியாக, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள் நுழைந்திருக்கிறது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுவது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளுமே எனக்கு ம் கொட்டியவை. கொல்லையில் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மாடிவரை பச்சை ஒயர் இழுத்தோம். கோடையில் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.

இரைச்சல் போக ப்ளக்கின் எர்த் காலை உடைத்துவிடு என்று எனக்கும் சிலர் யோசனை சொன்னார்கள். கேட்காதீர்கள். சில செட்டப்பில் சத்தம் நிற்கும்தான். ஆனால் உள்ளே ஒரு ஒயர் அறுந்து பெட்டியைத் தொட்டால் நம் மூச்சும் நிற்கும்.

எர்த் போட்டு ம்ம்ம் அடங்கிய பிறகும் சன்னமாக ஒரு 'ர்ர்ர்' மிச்சமிருந்தது. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் இல்லை, குறைத்தால் வந்தது. திருகித் திருகி வேகம் குறைக்கும் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும். அந்த வெட்டுதான் காதில் விழுந்தது. படிப்படியாக மாற்றும் ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டதும் தீர்ந்தது. மைக் ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்ததையும் பிரித்துவிட்டேன். குறுக்கே கடந்தால் பாதகமில்லை, கூடவே ஓடக் கூடாது.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் பத்து நொடி பேசாமல் இருந்து அந்த அமைதியையும் பதிவு செய்கிறேன். ஆடாஸிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் அதை மாதிரியாகக் கொடுத்தால் சீரான இரைச்சலைக் கழித்துக் கொடுக்கும். அதிகம் கழித்தால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

வெளிச் சத்தம் வேறு கணக்கு. சித்திரையில் கௌமாரியம்மன் கோயில் திருவிழா என்றால் மைக்கை உறையில் போட்டுவிடுவேன். ஆடிக் காற்றில் ஜன்னல் தடதடக்கும். பழைய காலண்டர் தாளை மடித்து இடுக்கில் செருகினால் அடங்கும். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்து வயல் நிரம்பிவிட்டால் ராத்திரியெல்லாம் தவளைகள். விட்டு விட்டுக் கத்துவதால் ஆடாஸிட்டியும் கைவிரித்துவிட்டது. போன வருஷம் பதிவு செய்த கதையில் ஒரு கிழவர் நடுராத்திரி வரப்பில் நடந்து போவார். அதில் தவளைகளை அப்படியே விட்டுவிட்டேன்.