ஆணிப்பந்துப் பொறியும் மின்னியல் பாடமும்

பொறிகள் என்றதும் நம் நினைவுக்கு வருபவை நீர் இறைக்கும் பம்பும், நெல் அரைக்கும் ஆலையும், நூல் நூற்கும் கதிருமே ஆகும். விளையாட்டிற்கென்றே மனிதன் படைத்த பொறிகளும் உண்டு என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். அவற்றுள் ஒன்று அமெரிக்க நாட்டில் 'பின்-பால்' என வழங்குவது. பின் என்றால் ஆணி. பால் என்றால் பந்து. ஆகவே இக்கட்டுரையில் அதனை ஆணிப்பந்துப் பொறி என்றே குறிப்பிடுகிறேன்.

சிகாகோ நகரின் அருகே ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில், பழுதுபட்ட ஆணிப்பந்துப் பொறி ஒன்றை வாங்கி, குடியிருந்த வீட்டின் நிலவறையில் வைத்து, வார விடுமுறைகளில் சீர்செய்தேன். பட்ட வகுப்பில் ஏட்டளவில் படித்த பல செய்திகள் அங்கேதான் எனக்குக் கண்கூடாயின. அவற்றை மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறியின் வரலாறு

பிரான்சு நாட்டில் 18ஆம் நூற்றாண்டில் வழங்கிய 'பகடெல்' என்னும் மேசை விளையாட்டே இதன் மூதாதை. சரிந்த பலகையில் ஆணிகளை அடித்து, அவற்றினூடே பந்தை உருட்டிக் குழிகளில் விழச்செய்வது அவ்விளையாட்டு. 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர், பந்தைச் செலுத்தச் சுருள்வில் பூட்டிய தண்டினை அமைத்துக் காப்புரிமை பெற்றார். 1931இல் டேவிட் காட்லீப் சிகாகோவில் செய்த 'பேஃபிள் பால்' என்னும் பொறி, பொருளாதார மந்தம் நிலவிய அந்நாளில் சில காசுகளில் கிடைத்த பொழுதுபோக்காகப் பரவியது. 1933இல் ஹாரி வில்லியம்ஸ் மின்சாரத்தைப் புகுத்தினார். 1947இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் பொறியில், ஆடுபவர் பந்தைத் திருப்பி அடிக்க உதவும் துடுப்புகளை ஹாரி மாப்ஸ் சேர்த்தார்.

இப்பொறி சூதாட்டம் என்று பழிக்கப்பட்டதும் உண்டு. நியூயார்க் நகரில் 1942இல் மேயர் லகார்டியா இதனைத் தடைசெய்து, பறிமுதல் செய்த பொறிகளைச் சம்மட்டியால் உடைத்தார். 1976இல் ரோஜர் ஷார்ப் என்னும் ஆட்ட வல்லுநர் நகர மன்றத்தார் முன்னிலையில் ஆடிக்காட்டி, வெற்றி ஆடுபவரின் திறமையைப் பொறுத்தது என்று மெய்ப்பித்த பின்னரே அத்தடை நீங்கியது.

பொறியின் அமைப்பு

இதனைக் காணாதவர்களுக்காகச் சில சொற்கள். இடுப்பளவு உயரத்தில் ஒரு நீண்ட மரப்பெட்டி. அதன்மேல் ஆடுபவரை நோக்கிச் சரிந்த ஆடுகளம். அதற்குக் கண்ணாடி மூடி. எதிர்முனையில் நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் வண்ண ஓவியக் கண்ணாடியும், மதிப்பெண் காட்டும் உருளைகளும் இருக்கும். சுமார் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுப் பந்து, களத்திலுள்ள தடைகளில் மோதி மதிப்பெண் தேடித் தந்தபடியே கீழ்நோக்கி உருளும். அது அடிக்குழியில் விழாமல் இரு துடுப்புகளால் காப்பதுதான் ஆட்டம்.

நான் வாங்கியது காட்லீப் நிறுவனம் 1960களில் செய்த, ஒருவர் ஆடும் பொறி. அதில் டிரான்சிஸ்டர் கிடையாது. கணிப்பொறிச் சில்லு கிடையாது. மின்மாற்றி ஒன்று, மோட்டார் ஒன்று, வரிச்சுருள்கள், ரிலேக்கள், நூற்றுக்கணக்கான தொடுமுனைகள், இவற்றை இணைக்கும் கம்பிக் கற்றைகள் ஆகியவையே உள்ளே இருந்தன. ஆயினும் அப்பொறி கூட்டும், பெருக்கும், ஆட்டத்தில் நிகழ்ந்ததை நினைவில் வைத்திருக்கும். 1970களின் இறுதியில் மின்னணுச் சில்லுகள் வந்து ரிலேக்களின் இடத்தைப் பிடித்தன. ஆனால் கற்க விரும்புபவனுக்குப் பழைய பொறியே சிறந்த ஆசான். ஏனெனில், அதன் சிந்தனை முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

தொடுவதற்கு முன்

அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். தொலைபேசி நிலையத்தில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1891இல் காப்புரிமை பெற்ற ஸ்ட்ரௌஜர் முறைத் தொலைபேசி இணைப்பகங்களும் இதே ரிலேக்களாலும் படிப்படியாக நகரும் சக்கரங்களாலும் ஆனவை. நம் நாட்டிலும் அம்முறை பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது. நான் திருப்புளியுடன் நிற்பதைக் கண்ட பெரியவர், "முதலில் படத்தைப் படியுங்கள், பிறகு பெட்டியைத் திறக்கலாம்" என்றார். பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது மின்சுற்றுப் படம். அதைப் படிக்கவே எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதல் வேலை, பாதுகாப்பு. அந்நாட்டு வீட்டு மின்சாரம் 120 வோல்ட். பொறியின் மின்மாற்றி அதனை வரிச்சுருள்களுக்கு ஏறத்தாழ 24 வோல்ட்டாகவும் விளக்குகளுக்கு ஏறத்தாழ 6 வோல்ட்டாகவும் குறைக்கிறது. குறைந்த அழுத்தப் பகுதியில் அதிர்ச்சி குறைவு. ஆனால் மின்மாற்றி வரையுள்ள பகுதி உயிரைக் குடிக்க வல்லது. ஆகவே பிளக்கைப் பிடுங்காமல் அப்பகுதியில் கை வைக்கலாகாது. வெடிப்பு விட்டிருந்த இரட்டைக் கம்பி வடத்தை நீக்கி, புவி இணைப்புடன் கூடிய மூன்று கம்பி வடத்தைப் பூட்டினேன்.

ஃப்யூஸ்களைப் பார்த்தபோது, 15 ஆம்பியர் என்று சீட்டு ஒட்டியிருந்த இடத்தில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ, ஃப்யூஸ் அடிக்கடி போவதைப் பொறுக்காமல் இவ்வாறு செய்திருக்க வேண்டும். ஃப்யூஸ் போவது நோயன்று; நோயின் அறிகுறி. அறிகுறியை மறைத்தால் நோய் கம்பியை எரிக்கும், பின்பு வீட்டையும் எரிக்கும்.

முதல் குறையும் 'அல்லது' என்னும் சொல்லும்

தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் சுழன்றது. ஆனால் நிற்கவே இல்லை. மதிப்பெண் உருளைகள் நான்கனுள் மூன்று சுழியத்திற்கு வந்து நின்றன. நூறாம் இடத்து உருளை மட்டும் சுழியத்தைக் கடந்து ஒன்று, இரண்டு என மீண்டும் மீண்டும் சுற்றிவந்தது.

இதன் காரணத்தை மின்சுற்றுப் படம் கூறிற்று. ஆட்டம் தொடங்கும்போது ஒரு ரிலே ஈர்க்கப்பட்டு, தன் தொடுமுனை ஒன்றின் வழியாகவே தனக்கு மின்னோட்டம் பெற்று, பொத்தானை விட்ட பின்னும் ஈர்ப்பிலேயே நிற்கும். ரிலேயின் நினைவாற்றல் என்பது இதுதான். அதுவரை மோட்டார் சுழன்று ஒவ்வோர் உருளைக்கும் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் உருளையிலும் ஒரு தொடுமுனை உண்டு. உருளை சுழியத்தை அடைந்ததும் அது திறந்துகொள்ள வேண்டும். இந்நான்கு தொடுமுனைகளும் பக்க இணைப்பில் உள்ளன. அதாவது, ஒன்றாம் இடம் அல்லது பத்தாம் இடம் அல்லது நூறாம் இடம் அல்லது ஆயிரமாம் இடம், இவற்றுள் எதுவொன்று சுழியத்தில் இல்லாவிடினும் மோட்டார் ஓடும். நான்கும் திறந்தால்தான் ரிலே விடுபடும்.

தொடர் இணைப்பு 'உம்' என்னும் பொருளைத் தரும். பக்க இணைப்பு 'அல்லது' என்னும் பொருளைத் தரும். 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் அமைத்த தருக்க இயற்கணிதத்தை ரிலே சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டியவர் கிளாட் ஷானன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1937இல் அவர் எழுதிய முதுநிலை ஆய்வேட்டின் பொருளும் இதுவே. இன்றைய கணிப்பொறிகளின் அடிப்படைகளுள் ஒன்றான அக்கருத்தை, தூசு படிந்த அப்பெட்டிக்குள் விரலால் தொட்டுப் பார்க்க முடிந்தது.

இனிக் குறை எங்கே என்பது தெளிவு. நூறாம் இடத்து உருளை கண்ணுக்குச் சுழியம் காட்டியது; மின்சாரத்திற்கு அது சுழியமாக இல்லை. உருளையைக் கழற்றினேன். தொடுமுனையின் இரு இலைத்தகடுகளும் அளவுக்கு மீறி நெருங்கியிருந்ததால், திறக்க வேண்டிய இடத்தில் திறக்காமல் தொட்டபடியே இருந்தன. தகட்டைச் சிறிதே வளைத்து 1.5 மில்லிமீட்டர் அளவு இடைவெளி உண்டாக்கினேன். அடுத்த முறை மோட்டார் தானே நின்றது. குறையைத் தேட ஒரு பிற்பகல்; தீர்க்க ஐந்து நிமிடம். புதிய உதிரிப் பாகம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

இரண்டாம் குறையும் ஓம் விதியும்

வலத் துடுப்பு வலுவிழந்திருந்தது. துடுப்பின் வரிச்சுருளில் இரு சுற்றுகள் உண்டு. பருத்த கம்பியாலான சுற்றின் மின்தடை சில ஓம்களே. அது பந்தை அடிக்கும் விசையைத் தரும். மெல்லிய கம்பியாலான சுற்றின் மின்தடை பன்மடங்கு மிகுதி; பொத்தானை அழுத்தியபடியே இருக்கும்போது துடுப்பைத் தாங்கி நிற்க அது போதும். துடுப்பு தன் வீச்சின் முடிவை எட்டும்போது ஒரு தொடுமுனை திறந்து, மெல்லிய சுற்றையும் வழியில் சேர்த்து மின்னோட்டத்தைக் குறைக்கிறது. அது திறக்கத் தவறினால் சுருள் சூடேறிக் கருகும். அழுக்கேறினால் துடுப்பு சோரும்.

எடுத்துக்காட்டாக, சுருளின் தடை 3 ஓம் எனக் கொள்வோம். அழுக்கான தொடுமுனை மேலும் 3 ஓம் சேர்த்தால் மின்னோட்டம் பாதியாகும். திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆதலால் சுருளுக்குக் கிடைப்பது நான்கில் ஒரு பங்கே. சுருளை மாற்றினாலும் பயனில்லை என்பதை இக்கணக்கே காட்டுகிறது.

தொடுமுனைகளைத் துலக்குவதிலும் முறை உண்டு. துடுப்பின் தொடுமுனைகள் டங்ஸ்டனால் ஆனவை. அவற்றை அரத்தால் தேய்க்கலாம். மற்றவை வெள்ளி, சாராவியில் நனைத்த தடித்த காகிதத் துண்டை இடையில் வைத்து இழுத்தாலே போதும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் வெள்ளி போய்விடும். மூடும்போது இரு முனைகளும் ஒன்றையொன்று சற்றே உரசுமாறு தகடுகளை அமைக்க வேண்டும். அவ்வுரசலே அவற்றைத் தூய்மையாக வைத்திருக்கும். தொடுமுனைக்கும் வரிச்சுருளின் உட்குழலுக்கும் எண்ணெய் இடலாகாது. எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாக்கும்.

ஆடுகளமும் ஓவியக் கண்ணாடியும்

ஆடுகளம் ஒட்டுப்பலகையில் வண்ணம் அச்சிட்டு மெருகிடப்பட்டது. தண்ணீர் பட்டால் பலகை உப்பும். ஆகவே நாப்தாவில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, மெழுகு பூசினேன். காய்ந்து வெடித்த ரப்பர் வளையங்கள் அனைத்தையும் மாற்றினேன். பொறியில் நான் புதிதாக வாங்கிப் போட்டவை பெரும்பாலும் இவையே.

ஓவியக் கண்ணாடிக்கு வண்ணம் பின்புறத்தில் பூசப்பட்டிருக்கும். விளக்குகளின் சூட்டால் அது நாளடைவில் செதில் செதிலாக உதிரும். பின்புறத்தைத் துடைத்தால் ஓவியம் துணியோடு வந்துவிடும். எனவே முன்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு, சூட்டைக் குறைக்க வழி தேடினேன். 44ஆம் எண் விளக்கு 6.3 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் கொள்ளும். 47ஆம் எண் விளக்கு 0.15 ஆம்பியரே கொள்ளும். முப்பது விளக்குகளை மாற்றினால், வெளிப்படும் வெப்பம் 47 வாட்டிலிருந்து 28 வாட்டாகக் குறைகிறது. ஒளி சற்றே மங்கும். ஓவியம் நெடுநாள் வாழும்.

சாய்தளமும் ஊசலும்

இறுதியாகக் களத்தின் சாய்வைச் சரிசெய்தேன். இத்தகைய பழைய பொறிகளுக்கு ஏறத்தாழ 3.5 பாகை சாய்வு வேண்டும். வழுக்காமல் உருளும் திண்கோளத்தின் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைச் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி, அதில் ஏழில் ஐந்து பங்கு எடுத்தால் கிடைக்கும். அவ்வாறு கணக்கிட்டால் அது நொடிக்கு நொடி 0.43 மீட்டர். பந்து ஒரு மீட்டர் உருள 2.2 நொடி ஆகும். பிற்காலப் பொறிகளுக்குரிய 6.5 பாகைக்கு 1.6 நொடியே ஆகும். சாய்தளத்தில் பந்துகளை உருட்டிப் பார்த்த கலிலியோ, இக்களத்தைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆடுபவர் பெட்டியை முரட்டுத்தனமாக உலுக்கினால் ஆட்டம் தானே நின்றுவிடும். அதைக் கண்டுபிடிப்பது ஓர் எளிய ஊசல். உலோக வளையத்தின் நடுவே தொங்கும் குண்டு ஆடி வளையத்தைத் தொட்டதும் சுற்று மூடி, ஆட்டம் முடிந்ததாக ஒரு ரிலே அறிவிக்கும். இதனைப் புகுத்தியவரும் ஹாரி வில்லியம்ஸே. ஆய்வுக்கூடத்தில் புவியீர்ப்பு முடுக்கம் காண நாம் ஆட்டும் ஊசல், அங்கே நடுவர் பணி புரிகிறது.

முடிவுரை

ஆணிப்பந்துப் பொறி நம் ஊரில் காணக் கிடைப்பதில்லை. ஆனால் அது கற்பித்த பாடம் நமக்கு உரியதே. எந்தக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் ஒரு மூலையில் பயனற்றவை என ஒதுக்கப்பட்ட கருவிகள் உண்டு. போஸ்ட் ஆபீஸ் பெட்டியின் பித்தளை முளைகள் களிம்பேறினால், ஒவ்வொரு முளையும் கணக்கில் வராத ஒரு தடையைச் சேர்க்கும். மாணவனின் அளவீடு தவறும். பழியோ மாணவன்மீது விழும். ரியோஸ்டாட்டின் நகரும் முனையும், மீட்டர் பாலத்தின் திருகுகளும் அவ்வாறே. இவற்றுள் பலவற்றுக்கு வேண்டுவது புதிய கருவி வாங்கும் பணமன்று. ஒரு துணித்துண்டும், ஒரு மல்டிமீட்டரும், ஒரு பிற்பகலுமே.

கருவி கெட்டுவிட்டது என்று எழுதுமுன் மூன்று வினாக்களை நாம் கேட்க வேண்டும். மின்னோட்டம் எதுவரை வருகிறது? எந்தத் தொடுமுனையில் நிற்கிறது? ஏன் நிற்கிறது? இம்மூன்றிற்கும் விடை கண்ட பின்னும் கருவி இயங்காவிடில் ஒதுக்கிவிடலாம். அவ்வாறு ஒதுக்கப்படுபவை மிகச் சிலவாகவே இருக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை. வரும் கல்வியாண்டில் இயற்பியல் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, சனிக்கிழமைதோறும் ஒரு கருவியையேனும் எடுத்து இம்முயற்சியைத் தொடங்குவார்களாக.