பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு

மார்கழி பிறந்தால் பெயின்டரைப் பிடிப்பது பெரும்பாடு. பனியும் கொசுவும் ஜன்னலைச் சாத்தச் சொல்லும் மாதத்தில்தான் நாமும் கதவுக்கும் கிரில்லுக்கும் எனாமல் அடிக்கிறோம். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை பெரும்பாலும் அதிலுள்ள பெட்ரோலியக் கரைப்பான் ஆவியாவதால் வருவது. தின்னரில் டொலுவீன், சைலீன் என்ற ஹைட்ரோகார்பன்கள் இருக்கும். தலைவலியும் கிறுகிறுப்பும் அவற்றின் வேலை. மட்டமான தின்னரில் பென்சீனும் கலந்திருக்கலாம். அது புற்றுநோய் தருவது உறுதியான விஷயம். வீட்டுக் காற்றில் அதற்குப் பாதுகாப்பான அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் சொன்னது.

முதல் வேலை கடையில். டப்பாவைத் திருப்பி, எதைக் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீரில் கலக்கும் எனாமல் மரத்துக்கும் இரும்புக்கும் கிடைக்கிறது. பளபளப்பு போதாது என்று பெயின்டர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். வி.ஓ.சி. என்று போட்டிருந்தால் அது கப்பலோட்டியவர் அல்ல, ஆவியாகும் கரிமப் பொருள்களின் சுருக்கம். லிட்டருக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள், குறைவானதே நல்லது. ‘வாடை இல்லை’ என்ற வாசகத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

அடிப்பதற்கு முந்தின நாளே அரிசி, மாவு, துணிமணிகளை வேறு அறைக்கு மாற்றுங்கள். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் சில நாள் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும்.

அடிக்கும் அன்று காற்றுதான் முக்கியம். சீலிங் ஃபேன் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் கலக்கும். டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் வைத்து, முகத்தை வெளியே திருப்பி ஓடவிடுங்கள். எதிர்ப்பக்கக் கதவு திறந்திருக்கட்டும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். பாயில் படுப்பவர்தான் அதிகம் சுவாசிப்பார். தீப்பிடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

தின்னரைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும் தின்னர் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுதான் பெரிய ஆபத்து. 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த பெயின்டர் அண்ணன் சாயங்காலம் முழங்கை வரை தின்னரில் கழுவுவார். தோல் வெளுத்து, வெடித்து, சுண்ணாம்பு பூசினாற்போல் இருக்கும். ‘பழகிடுச்சு சார்’ என்பார். ஒரு நாள் தேங்காய் எண்ணெயைக் கொடுத்தேன். பஞ்சில் தொட்டுத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டதில் முக்கால்வாசி போயிற்று. நகக்கண்ணில் மட்டும் பச்சை மிச்சம்.

கையில் ஒட்டவில்லை என்றதும் அந்த அறையில் படுத்துவிடாதீர்கள். மேலே காய்ந்த பிறகும் உள்ளிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். நம் மூக்கோ சீக்கிரம் பழகிப் பொய் சொல்லும். வெளியே போய்விட்டு வந்து முகர்ந்து பாருங்கள். சில நாளாவது பகலெல்லாம் ஜன்னல் திறந்திருக்கட்டும். வாடையை மறைக்க ஊதுபத்தி, சாம்பிராணி ஏற்றினால் அந்தப் புகை வேறு கூடும்.

துணியைத் திரும்ப பீரோவில் அடுக்கும்போது பாச்சை உருண்டை போடும் பழக்கம் உண்டல்லவா? அது நாப்தலீன், அதுவும் ஹைட்ரோகார்பன்தான். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள கைக்குழந்தைக்கு அந்த உருண்டையோடு இருந்த துணியை உடுத்தினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். நன்றாக வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு மடித்து வையுங்கள்.

கடைசியாகப் போகி. பெயின்ட் துடைத்த துணி, பிரஷ், பிளைவுட் துண்டு எதையும் நெருப்பில் போடாதீர்கள். அரைகுறையாக எரியும் கரும்புகையில் பென்சோபைரீன் இருக்கும், பென்சீனைப் போல அதுவும் புற்றுநோய்ப் பட்டியலில் முதல் வரிசை. மிஞ்சிய அரை டப்பாவைத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் கேட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கலர் என்னவென்று கேட்காமலே வாங்கிக்கொள்வார்கள்.