ஜிமேட் கணக்கு: மூன்று கேள்வி, மூன்று பழக்கம்



பட்டம் வாங்கி, நாலைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. படிக்கலாம் என்று நம்மில் பலருக்கு ஆசை உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், இன்சீட் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்க ஜிமேட் தேர்வு எழுதலாம். மதிப்பெண் 5 ஆண்டுகள் வரை செல்லும். ஆகவே பல்கலைக்கழகக் கடைசி ஆண்டிலேயே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கணக்கு இன்னும் கையை விட்டுப் போகாத நேரம் அது.

"கூடுதல் கணிதத்தில் ஏ எடுத்தவன், எனக்கென்ன பயம்?" என்று கேட்பவர்கள்தான் இதில் வழுக்குகிறார்கள். பாடம் என்னவோ எஸ்.பி.எம். அளவுதான்: சதவீதம், விகிதம், சராசரி, இயற்கணிதம், எண்களின் தன்மை. ஆனால் கணக்குப் பகுதியில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள். கால்குலேட்டர் கிடையாது. கேள்விகளும் நம் அவசரப் புத்தியைக் குறி வைத்தே அமைக்கப்பட்டவை. மூன்று மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

கேள்வி 1: கடைக்காரர் ஒரு புடவையை 80 வெள்ளிக்கு வாங்குகிறார். தீபாவளி விற்பனையில் 20% கழிவு கொடுத்த பிறகும், அடக்க விலையில் 20% லாபம் வேண்டும். அவர் ஒட்ட வேண்டிய விலை என்ன?

20-ஐயும் 20-ஐயும் கூட்டி 40%, ஆக 112 வெள்ளி என்று மனம் உடனே சொல்லும். அந்த விடை தேர்விலும் ஒரு தெரிவாக உட்கார்ந்திருக்கும்! சரிபாருங்கள்: 112-இல் 20% கழித்தால் 89.60. லாபம் 12% மட்டுமே.

சரியான வழி இது. விற்க வேண்டிய விலை 80 × 1.2 = 96. இது ஒட்டிய விலையில் 80%. ஆகவே 96 ÷ 0.8 = 120 வெள்ளி. லாபம் அடக்க விலையின் மேல், கழிவு ஒட்டிய விலையின் மேல். சதவீதத்தைக் கண்டவுடன் "எதில் 20%?" என்று கேட்பது முதல் பழக்கம்.

கேள்வி 2: ஒருவர் ஊருக்குப் போகும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம். திரும்பும்போது நெரிசல், அதே பாதையில் 60 கிலோமீட்டர்தான். முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?

80 என்று எழுதிவிடாதீர்கள். தூரம் கொடுக்கவில்லையே என்று திகைக்கவும் வேண்டாம், நாமே வைத்துக்கொள்ளலாம். 300 கிலோமீட்டர் என்று வையுங்கள். போக 3 மணி நேரம், வர 5 மணி நேரம். 600 ÷ 8 = 75. மெதுவான வேகத்தில் அதிக நேரம் ஓட்டியதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. சுலபமாக வகுபடும் எண்ணை நாமே தேர்ந்தெடுப்பது இரண்டாவது பழக்கம்.

கேள்வி 3: கடலை ஒரு பாக்கெட் 3 வெள்ளி, முறுக்கு ஒரு பாக்கெட் 5 வெள்ளி. ஓர் அக்கா இரண்டும் வாங்கினார். முறுக்கு எத்தனை பாக்கெட்?
கூற்று 1: மொத்தம் 19 வெள்ளி.
கூற்று 2: மொத்தம் 5 பாக்கெட்.

இது 'தகவல் போதுமா?' வகை. தரவுப் பகுதியில் வரும். விடையைக் கண்டுபிடிப்பதல்ல வேலை, எந்தக் கூற்று போதும் என்று சொல்ல வேண்டும். பொறியியல் படிக்கும் நம் ஆட்கள் வசமாக மாட்டுவது இங்கேதான் லா. "தெரியாதவை இரண்டு, சமன்பாடு இரண்டு வேண்டும், ஆகவே இரண்டு கூற்றும் சேர்ந்தால்தான் போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடுவோம்.

ஆனால் அரை பாக்கெட் முறுக்கு யாரும் விற்பதில்லை. முறுக்கு 1 என்றால் மீதி 14 வெள்ளி, 3-ஆல் வகுபடாது. 2 என்றால் மீதி 9, கடலை 3 பாக்கெட். 3 என்றால் மீதி 4, வகுபடாது. ஒரே ஒரு வழிதான் உண்டு. இரண்டாம் கூற்று மட்டும் இருந்தால் 1 முதல் 4 வரை எதுவும் வரலாம். ஆகவே விடை: முதல் கூற்று மட்டுமே போதும். சூத்திரத்துக்குப் போகுமுன் அந்தப் பொருள் முழு எண்ணா, பின்னமாகவும் வரலாமா என்று பார்ப்பது மூன்றாவது பழக்கம்.

பயிற்சி எப்படிச் செய்வது? தினம் விளக்கேற்றுவது போல, தினம் 10 கேள்வி போதும். தவறிய கணக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. "சதவீதத்தின் அடிப்படையைப் பார்க்கவில்லை" என்று காரணத்தை எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து, விடையைப் பார்க்காமல் அதே கணக்கை மறுபடியும் போடுங்கள். தேர்வை நடத்துபவர்களே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள். அவற்றைத் தொடக்கத்திலேயே வீணாக்காமல், கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் ஒரு கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டரை நிமிடம் தாண்டினால் ஒன்றைத் தெரிவு செய்து, குறியிட்டுவிட்டு நகருங்கள். பகுதியின் முடிவில் நேரமிருந்தால் 3 விடைகள் வரை மாற்றலாம். கேள்விகளை முடிக்காமல் விட்டால்தான் மதிப்பெண் அடிவாங்கும்.

பணம் இருப்பவர் பயிற்சி வகுப்புக்குப் போகட்டும். மற்றவர்கள் கிளையில் நாலு பேர் சேர்ந்து, வார இறுதியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே போதும். ஒருவர் கணக்கைப் போட்டு மற்றவர்களுக்கு விளக்கட்டும். விளக்கத் தெரிந்த கணக்கு தேர்வில் கைவிடாது.